காலைப் பார், அலகைப் பார்: ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் முத்துவின் ஈப்பிடிப்பானை இனம் காணுதல்

ஐப்பசி மழை இறங்கும்போது வந்து, பங்குனி வெயில் ஏறும்போது கிளம்பும் இரண்டு பழுப்புக் குருவிகள் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் தங்குகின்றன. இரண்டும் சிட்டுக்குருவியைவிடச் சிறியவை. இரண்டுக்கும் பெரிய கண், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முதுகில் பழுப்பு, வயிற்றில் வெளுப்பு. இரண்டும் கிளையில் ஆடாமல் உட்கார்ந்திருந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்து, திரும்ப வந்து உட்காரும். ஒன்று பழுப்பு ஈப்பிடிப்பான். மற்றது பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான்; முத்துவின் ஈப்பிடிப்பான் என்று நான் சொல்வது இதைத்தான். முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவது என்று எழுதிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அதைவிட எனக்கு வருத்தமானது, இரண்டாவது கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போதே முதலாவது என்று நினைத்து நகர்ந்துவிடுவது. இரண்டையும் தெளிவாகப் பிரிக்க முடியும். எந்த உறுப்பை முதலில் பார்ப்பது, எந்த உயரத்தில் தேடுவது என்று தெரிந்தால் போதும்.

நான் நாகலூர் சாலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர். விடிந்ததும் ஆள் பதிவு, பகலில் பகுதி பகுதியாக நடை, மாலையில் பழம் நிறுவை. பறவை பார்க்க எனக்குத் தனி நேரம் கிடையாது. ஆனால் ஈப்பிடிப்பான்கள் மும்முரமாக இருக்கும் நேரத்தில், அவை இருக்கும் நிழலுக்குள்ளேயே என் வேலை நடக்கிறது. பைனாகுலர் எப்போதும் கழுத்தில் கிடக்கும். சேலத்திலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் விதி: நிறத்திலிருந்து தொடங்காதீர்கள். பெயரிலேயே பழுப்பு மார்பு என்று இருக்கிறதே, மார்பைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் தோட்டத்தின் வெளிச்சம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும், இடையிடையே பலாவும் அத்தியும் சேர்ந்து வடிகட்டிய வெளிச்சம் பச்சையாகத்தான் கீழே விழும். மூடுபனி இறங்கினால் எல்லாப் பறவையும் சாம்பல். பனி விலகிச் சாய்வெயில் அடித்தால் எல்லாப் பறவையும் செம்பழுப்பு. பழுப்பு ஈப்பிடிப்பானின் மார்பிலும் இலேசாகச் சாம்பல் பூச்சு உண்டு என்பதால், மங்கிய வெளிச்சத்தில் அதையும் பழுப்பு மார்பு என்று மனம் ஒப்புக்கொண்டுவிடும். ஆகவே மார்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலைப் பாருங்கள். பழுப்பு ஈப்பிடிப்பானின் கால் கறுப்பு. பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானின் கால் வெளிறியது; மஞ்சளும் தோல் நிறமும் கலந்த வெளுப்பு. இந்த ஒரு வேறுபாடு எந்த வெளிச்சத்திலும் நிற்கிறது. கறுப்புக் கால், பாசி படிந்த கிளைமேல் இரண்டு கோடுகளாகத் துல்லியமாகத் தெரியும். வெளிறிய கால் கிளையோடு கலந்துவிடும். பறவை முழுவதும் நன்றாகத் தெரிந்தும் அதன் கால் எங்கே என்று தேட வேண்டியிருந்தால், சற்றுப் பொறுமையாக நில்லுங்கள். நீங்கள் தேடிவந்த பறவை அநேகமாக அதுதான். சிக்கல் என்னவென்றால், ஈப்பிடிப்பான் உட்காரும்போது வயிற்று இறகைத் தளர்த்திக் காலை மூடிக்கொள்ளும். குளிர் அதிகமான காலை வேளையில் காலே இல்லாத பறவைபோல் இருக்கும். பூச்சிக்குப் பாய்ந்துவிட்டு வந்து உட்காரும் அந்த நொடியில்தான் கால் முழுதாக வெளியே தெரியும். எனவே பறவை பாயும்போது அதன் பின்னாலேயே பைனாகுலரைத் திருப்பாதீர்கள். அது விட்டுப்போன கிளையிலேயே பார்வையை வைத்திருங்கள். பெரும்பாலும் அங்கேயோ, ஒரு முழம் தள்ளியோ வந்து உட்காரும். உட்கார்ந்ததும் கண்ணைப் பார்க்காமல் காலைப் பாருங்கள்.

அடுத்தது அலகு. ஈப்பிடிப்பான்களின் அலகை மேலிருந்து பார்த்தால் அடிப்பகுதி அகன்று, தட்டையாக, நுனி நோக்கிக் குறுகும். வாய்க்கு இருபுறமும் மெல்லிய மீசை முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இதெல்லாம் இரண்டுக்கும் பொது. வேறுபாடு கீழ் அலகில் இருக்கிறது. பழுப்பு ஈப்பிடிப்பானின் கீழ் அலகில் அடிப்பாதி மட்டும் மஞ்சள், நுனி கறுப்பு. பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானுக்குக் கீழ் அலகு முழுவதுமே வெளிர்மஞ்சள், நுனிவரை. இதைப் பார்க்கப் பறவை உங்களைவிட உயரத்தில், பக்கவாட்டில் இருக்க வேண்டும். மேட்டில் நின்றுகொண்டு கீழே பள்ளத்தில் இருக்கும் பறவையின் கீழ் அலகைப் பார்க்க முயல்வது வீண் வேலை.

காலும் அலகும் ஒத்துவந்தால் தொண்டைக்குப் போங்கள். பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானின் தொண்டை சுத்தமான வெள்ளை. அலகின் அடியிலிருந்து கழுத்துப் பக்கமாக ஒரு கரும்பழுப்புக் கோடு இறங்கி, அந்த வெள்ளையை இருபுறமும் கரை கட்டும். வெள்ளைத் தொண்டைக்குக் கீழேதான் மார்பின் பழுப்புப் பட்டை. அது விலாப்பக்கமும் பரவி, வயிற்றில் மறுபடி வெள்ளையாகும். பழுப்பு ஈப்பிடிப்பானில் இந்தக் கோடு இவ்வளவு அழுத்தமாக இருக்காது. தொண்டையும் மார்பும் வயிறும் எல்லை தெரியாமல் ஒன்றில் ஒன்று கரையும். முகத்தை நேராகக் காட்டும்போது வெள்ளைத் தொண்டை பளிச்சென்று கண்ணில் பட்டால் நல்ல அறிகுறி.

சிறகைக் கடைசியாகப் பார்க்கலாம். பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானின் முதுகில் இலேசான ஆலிவ் சாயல் உண்டு. மடித்த சிறகின் இறகு ஓரங்களில் செம்பழுப்பு விளிம்பு இருக்கும். வாலின் மேலே மூடியிருக்கும் இறகுகளிலும் அதே செம்மை. பழுப்பு ஈப்பிடிப்பான் முழுக்கச் சாம்பல் கலந்த பழுப்பு. ஆனால் மழைக்காலத் தொடக்கத்தில் வரும் இளம் பழுப்பு ஈப்பிடிப்பான்களுக்குச் சிறகில் வெளிர் விளிம்பும் ஒரு மெல்லிய கோடும் இருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டுச் செம்பழுப்பு விளிம்பு என்று துள்ள வேண்டாம். அங்கேயும் கால்தான் தீர்ப்புச் சொல்லும்.

இனி எங்கே தேடுவது. இரண்டு பறவைகளும் ஒரே தோட்டத்தில் இருந்தாலும் ஒரே வீட்டில் இல்லை. பழுப்பு ஈப்பிடிப்பான் வெளிச்சத்தை விரும்பும். தோட்டத்தின் ஓரம், சாலை வளைவு, ஆள் உயரத்துக்கு மேலே இலையில்லாத கிளை நுனி, மின்கம்பிக்கு அருகில் என்று திறந்த இடம் பார்த்து நிமிர்ந்து உட்காரும். அண்ணா பூங்காவைச் சுற்றிய மரங்களிலும், சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்திலும் அதைப் பார்க்கலாம். பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் இருட்டை நாடும். ஓடைக்கரை, ஈரப்பள்ளம், காப்பிச் செடிகள் நெருங்கி நிழல் மரமும் கூடி நிற்கும் இடம். அங்கேயும் உயரத்தில் அன்று. தரையிலிருந்து இடுப்பு உயரம், மிஞ்சினால் தலை உயரம். சத்தம் இல்லாமல் வெகுநேரம் அசையாமல் இருக்கும். விடிந்தும் விடியாத நேரத்திலும், பொழுது சாயும்போதும்தான் அதற்குப் பசி எடுக்கும்.

இந்த உயரத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பழம் பறிக்கும் பெண்கள். எங்கள் மலையில் அராபிகா காப்பி. செடி பெரிதாக வளர விடாமல் கவாத்து செய்து வைத்திருப்போம். இடுப்பில் கூடை கட்டிக் குனிந்து பறிப்பவர்களின் கண், கீழ்க்கிளைகளின் மட்டத்தில் இருக்கிறது. நிமிர்ந்து நடக்கிற எனக்குச் செடியின் தலை மட்டும்தான் தெரியும். அவர்களுக்கோ செடிகளுக்கு நடுவே போகும் நிழல் சுரங்கம் முழுவதும் தெரியும். ஒரு மார்கழியில் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் பகுதியில் நெடுங்காலமாக வேலை செய்யும் ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“ரைட்டர் ஐயா, உங்கள் குருவி வந்துவிட்டது.”

“எங்கே அக்கா? நான் இந்த வழியாகத்தானே வந்தேன்?”

“நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது ஐயா. இங்கே வந்து உட்காருங்கள்.”

உட்கார்ந்தேன். இரண்டு வரிசை தள்ளி, பழம் பறித்து முடித்த கிளையில் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் ஒன்று எங்களுக்குப் பக்கவாட்டில் இருந்தது. பின்னால் பழத்தோல் குவியல். காப்பிப் பழத்தை அரைத்துத் தோல் நீக்கியபின் அந்தத் தோலை உரத்துக்காகக் குவித்து வைப்போம். புளிப்பு வாடைக்குச் சிறு ஈக்கள் மேகமாக மொய்க்கும். பறவை தலையை மட்டும் ஒரு பக்கம் சாய்த்தது. கண் அந்த முகத்துக்குப் பெரிது. சுற்றியிருந்த வெள்ளை வளையம் கண்ணுக்குப் பின்புறம் சற்றுத் தடித்திருந்தது. ஒரே பாய்ச்சல், அலகு மூடும் ‘டிக்’ ஒலி, திரும்பி வந்து உட்கார்ந்தபோது வெளிறிய கால்கள் இரண்டும் கிளையைப் பற்றியிருந்தது தெரிந்தது. வாயைத் திறந்து விழுங்கியபோது கீழ் அலகின் மஞ்சள் நுனிவரை ஓடியிருந்ததையும் பார்த்தேன். கீழே விழுந்த பூச்சியை எடுக்கத் தரைக்கு இறங்கி, உடனே எழுந்து அதே கிளைக்கு வந்தது. பத்தடி தூரத்தில் நான்கைந்து பெண்கள் பேசிக்கொண்டே பறித்துக்கொண்டிருந்தார்கள். அது பொருட்படுத்தவே இல்லை. ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சாத பறவை, நாம் திடீரென்று நின்று கையை உயர்த்தினால் அஞ்சுகிறது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். தோட்டத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள்; வேலி தாண்டி நுழையாதீர்கள். ஓடை ஓரமாக நிழல் அடர்ந்த ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, சிறு முக்காலியோ சாக்குத்துண்டோ போட்டு உட்காருங்கள். முன்னால் காப்பி வரிசை ஒன்று நேராக நீண்டு தெரிய வேண்டும். பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டு வெறுங்கண்ணால் அசைவைத் தேடுங்கள். நடந்து நடந்து தேடுகிறவருக்கு இந்தப் பறவை கிடைப்பது அபூர்வம். மாலையில் உட்கார்ந்தால் இருட்டுவதற்கு முன் எழுந்துவிடுங்கள். சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் தோட்டங்களுக்குள் தாராளமாக நடமாடுகின்றன; ஓடைக்கரை அவற்றுக்கும் பிடித்த இடம்.

பைனாகுலர் விஷயத்தில் ஒரு வார்த்தை. இந்தப் பறவைக்குப் பெரிதாக்கிக் காட்டும் திறனைவிட வெளிச்சம் முக்கியம். 8×42 கருவியில் (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர்) கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சட்டைப்பையில் அடங்கும் 10×25 கருவியில் அது 2.5 மில்லிமீட்டர்தான். நிழலுக்குள் காலின் நிறத்தைப் பிரித்தறிய முதலாவது போதும், இரண்டாவது போதாது. கேமரா வைத்திருப்பவர்கள் தானியங்கி நிறச் சரிசெய்தலை நம்ப வேண்டாம். பச்சை நிழலை ஈடுகட்ட அது பழுப்பைச் சூடேற்றிவிடும்; சாதாரணப் பழுப்பு ஈப்பிடிப்பான் திரையில் செம்பழுப்பாக வந்து நிற்கும். படம் எடுக்கும்போது முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்துவிட்டுக் காலை வெட்டிவிடாதீர்கள். எனக்கு வரும் படங்களில் பலவற்றில் அழகான கண் இருக்கிறது, கால் இல்லை. கிளையோடு சேர்த்து முழுப் பறவையும், முடிந்தால் கீழிருந்து ஒரு கோணமும் எடுங்கள். அழைப்பொலியைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பிப் பறவையை வரவழைக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, உடம்பில் சேர்த்ததைச் செலவழித்துக் குளிர்காலத்தைக் கழிக்கும் உயிர் அது. எடை 10 முதல் 14 கிராம். அதன் ஒவ்வொரு பாய்ச்சலும் பூச்சிக்காக இருக்கட்டும்.

எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வடகிழக்கு இந்தியாவின் மலைகளிலும், மியான்மரின் வடபகுதியிலும், சீனாவின் தென்மேற்கிலும் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இறங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகள்தான் அதற்கு முதல் விருப்பம். எங்கள் மலையில் அது எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வருகிறது. புரட்டாசி முடிந்து மழை பிடிக்கும் சமயம் முதல் பறவைகளை எதிர்பார்க்கலாம். சித்திரை பிறப்பதற்குள் போய்விடும்.

அறிவியல் பெயரில் இந்தப் பறவை ஒரு தமிழ்ப் பெயரைச் சுமக்கிறது: மஸ்கிகாபா முத்துயி. 1854-இல் இதை அறிவியலுக்கு விவரித்தவர் எட்கர் லியோபோல்ட் லேயார்ட். இலங்கையில் ஆங்கில அரசுப் பணியில் இருந்தவர். அவரிடம் வேலை பார்த்த முத்து என்பவர், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் இந்தப் பறவையைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். தன் சேகரிப்பின் சிறந்த பறவைகள் பலவற்றுக்கு முத்துவின் பொறுமையும் வேட்டைத் திறனுமே காரணம் என்று லேயார்ட் எழுதியிருக்கிறார். நன்றியாக அவர் பெயரையே வைத்தார். பறவைக்குத் தன் பெயரைக் கொடுத்தவர்களில் துரைமார்களும் தளபதிகளும் நிறையப் பேர். ஒரு வேலைக்காரரின் பெயர், அதுவும் நம் வீட்டுப் பெயர், உலகம் முழுவதும் இந்தப் பறவையோடு எழுதப்படுகிறது. எங்கள் தோட்டத்தில் நான் இதை முத்துவின் ஈப்பிடிப்பான் என்றே சொல்கிறேன். பறிக்கும் பெண்களும் அப்படியே சொல்கிறார்கள். எனக்குப் பறவையைக் காட்டிய அக்காவும் முத்து செய்த வேலையைத்தான் செய்தார்.

ஏமாற்றும் பறவைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வழிகாட்டி முழுமையாகாது. வெளிறிய கால் என்ற அறிகுறியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் முதலில் இடறவைப்பது நீலச்சிட்டுப் பாடியின் பெண் பறவை. இந்திய நீல ராபின் என்று கையேடுகளில் இருக்கும். ஆண் அடர்நீலமும் செம்மஞ்சளுமாகக் குழப்பமே இல்லாமல் இருக்கும். பெண் ஆலிவ் பழுப்பு, வெளிறிய கால், அதே இருட்டு, அதே ஓடைக்கரை. ஆனால் அதன் கால் நீளமானது, இளஞ்சிவப்பு. அது தரையில் தத்திச் சருகைக் கிளறும். வாலை அடிக்கடி நடுக்கும். முத்துவின் ஈப்பிடிப்பானுக்குக் கால் குட்டை. தரையை அது இறங்கி எழும் இடமாக மட்டும் பயன்படுத்துகிறது, நடப்பதில்லை.

இரண்டாவது, நீலத்தொண்டை ஈப்பிடிப்பானின் பெண். ஆணுக்குத் தொண்டை நீலம், மார்பு ஆரஞ்சு. பெண்ணுக்கு உடம்பு பழுப்பு. தொண்டையிலிருந்து மார்பு வரை மங்கிய ஆரஞ்சு. வெள்ளைத் தொண்டையும் அதைக் கரை கட்டும் கோடும் அதற்குக் கிடையாது. இதே குடும்பத்து டிக்கெல் நீல ஈப்பிடிப்பான் ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது. மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி பக்கம் மூங்கில் நிழலில் கேட்கும் சில்லறை கொட்டியது போன்ற சிறு பாட்டு அதனுடையது. அதன் பெண் பறவையிலும் நீலச் சாயல் இருக்கும் என்பதால் குழப்பம் வராது.

செவ்வால் ஈப்பிடிப்பான் அரிதாகக் கண்ணில் படலாம். வாலும் பிட்டமும் தெளிவான செம்பழுப்பு, மார்பில் பட்டை இல்லாமல் வெறுமையாக இருக்கும், கால் கருமை. செம்மார்பு ஈப்பிடிப்பான் சிறியது, துறுதுறுப்பானது. வாலை மேலே தூக்கித் தூக்கி இறக்கும். தூக்கும்போது வாலின் அடியில் இருபுறமும் வெள்ளைத் திட்டு பளிச்சிடும். ‘ட்ர்ர்ர்’ என்ற அதன் குரலே காட்டிக்கொடுத்துவிடும். சாம்பல் தலை, மஞ்சள் வயிறு கொண்ட சிறு ஈப்பிடிப்பானும் குளிர்காலத்தில் இங்கே நிறைய வருகிறது. ஒரு கணம் அமைதியாக இருக்காது. அதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். பெயரில் ஈப்பிடிப்பான் இருந்தாலும் அது வேறு குடும்பம்.

குடும்பம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் உட்கார்ந்து பழகிய சேலத்துப் பெண் ஒருவர் வேலை நிமித்தமாக ஈக்வடார் போயிருக்கிறார். ஆண்டிஸ் மலையின் மேகக்காடுகளிலிருந்து எனக்குப் படம் அனுப்புகிறார். அங்குள்ள ஈப்பிடிப்பான்கள் டைரனிடே என்ற முற்றிலும் வேறான குடும்பம். 400-க்கும் அதிகமான இனங்கள், அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையா. நம்முடையவற்றோடு நெருங்கிய உறவு இல்லை. ஒரே தொழில் செய்து செய்து உருவம் ஒத்துப்போனவை. அகன்ற அலகு, மீசை முடி, பாய்ந்து பிடித்துத் திரும்பும் பழக்கம் எல்லாம் அங்கேயும் இருக்கிறது. அவற்றில் இலவங்க ஈப்பிடிப்பான் எளிது என்கிறார். வெனிசுவேலாவிலிருந்து அர்ஜென்டினாவின் வடபகுதி வரை ஆண்டிஸ் நெடுக வாழ்வது; மார்பு இலவங்கப்பட்டை நிறம்; காட்டோரத்தில் திறந்த கிளையில் பெரும்பாலும் ஜோடியாக உட்கார்ந்து மீண்டும் மீண்டும் அங்கேயே திரும்பும். திணறவைப்பவை ஆலிவ் பச்சை நிறத்தில் இருக்கும் சிறு இனங்கள். அவற்றுக்கு அவர் எங்கள் ஓடைக்கரையில் பழகிய வரிசையையே பின்பற்றுகிறார்: கண் வளையம், கீழ் அலகின் நிறம், சிறகுக் கோடு, உட்காரும் உயரமும் நிலையும். மொத்த நிறத்தைக் கடைசியில் வைக்கிறார். கடல் கடந்தும் அந்த வரிசை பயன்படுகிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பார்த்ததை எழுதி வையுங்கள். எங்கள் மலைக்கு அந்தப் பழக்கம் புதிதன்று. 1929-30-இல் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பறவைகளை ஆராய்ந்த வெர்னே குழு சேர்வராயன் மலையிலும் சேகரிப்பு செய்தது. அதன் முடிவுகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வந்தன. இன்று பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்டு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பதியலாம். ஆனால் பெயரைத் தொட்டுவிட்டு நகர்ந்தால் அந்தப் பதிவுக்கு மதிப்பில்லை. குறிப்பில் நான்கு வரி எழுதுங்கள்: கால் என்ன நிறம், கீழ் அலகு எப்படி, தொண்டைக் கோடு இருந்ததா, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது. காலும் அலகும் தெரியவில்லை என்றால் ‘ஈப்பிடிப்பான், இனம் உறுதியில்லை’ என்று எழுதுங்கள். அப்படிப்பட்ட பதிவை நான் மதிக்கிறேன்.

இடத்தின் தன்மையையும் சேர்த்து எழுதுவது அவசியம். காப்பித் தோட்டம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே காப்பி வந்தது முதல், அது நிழலில் வளரும் பயிர். அந்த நிழலைப் பலாவும் அத்தியும் சந்தன வேம்பும் தருகிற தோட்டத்தில் அடுக்கடுக்காகப் பூச்சி இருக்கும். சில்வர் ஓக் மட்டும் நேர்வரிசையில் நிற்கிற தோட்டத்தில் கீழே வெளிச்சம் அதிகம், ஈரம் குறைவு. முத்துவின் ஈப்பிடிப்பானை நான் பார்ப்பது முதல் வகைத் தோட்டத்தின் ஓடைக்கரைகளில். தங்கும் விடுதி கட்டுவதற்காக ஓடை ஓரத்தைச் சுத்தம் செய்துவிட்ட இடங்களில் பழுப்பு ஈப்பிடிப்பான் வருகிறது, மற்றது வருவதில்லை. நிழல் மரம் கழிக்கும்போது ஓடைக்கு இருபுறமும் கை வைக்காமல் விடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டார். தோட்டம் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் அவரிடமும் அதையே கேட்கிறேன்.

மாசி, பங்குனியில் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அதற்குள் இறகுகள் தேய்ந்துவிடும். சிறகு ஓரத்தின் செம்பழுப்பு விளிம்பு மங்கிப் போயிருக்கும். சில பறவைகளில் மார்புப் பட்டையும் வெளிறித் தெரியும். காப்பிப் பூ மழை பெய்து, செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, தேனீ இரைச்சல் தோட்டத்தை நிறைக்கும் நாட்களில் பூச்சிக்குக் குறைவில்லை என்பதால் பறவை வழக்கத்தைவிட நேரம் கழித்தும் பாய்ந்துகொண்டிருக்கும். அந்தப் பருவத்தில் சிறகையும் மார்பையும் விட்டுவிடுங்கள். காலும் கீழ் அலகும் அப்போதும் மாறுவதில்லை.